பல்லாங்குழிக்கு ஒரு விளக்கப்படம்: இளம் அனிமேஷன் கலைஞருக்கு

குடும்பமாக ஆடும் ஆட்டத்தைக் கற்றுத்தரும் அனிமேஷன் படம், பார்த்தவர்களை ஆட உட்கார வைக்க வேண்டும். பல்லாங்குழிக்கு 3 நிமிடப் படம் செய்யப்போகும் இளம் கலைஞருக்கு இதுவே அளவுகோல். கதாபாத்திரமும் வண்ணமும் இதற்குப் பிறகுதான்.

முதல் வேலை விதியை முடிவு செய்வது. பல்லாங்குழி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். குழிக்கு 5 காய் வைப்போரும் உண்டு, 6 வைப்போரும் உண்டு. ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் ‘பசு’ என்று குழிக்குரியவர் அள்ளிக்கொள்வது பரவலான வழக்கம். படத்துக்கு ஏதாவது ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அது எந்தப் பக்கத்து வழக்கு என்பதை முகப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எல்லா வழக்கையும் கலந்து சொல்லும் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஆட முடியாது.

ஸ்டோரிபோர்டு வரைவதற்கு முன் உண்மைப் பலகையில் ஆடி, ஒவ்வொரு குழியின் எண்ணிக்கையையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 காய். ஆடுபவர் தம் பக்கத்து இடது ஓரக் குழியை எடுத்து வலமாகப் போட்டுக்கொண்டு போகிறார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி, எதிராளியின் வரிசை வழியாகச் சுற்றி வருகிறார். இப்படி ஐந்து முறை அள்ளி 27 காய் போட்ட பிறகு, அவருடைய ஐந்தாம் குழி வெறுமையாக எதிர்ப்படுகிறது. அதைத் துடைத்து, ஆறாம் குழியில் இருக்கும் 7 காயை எடுத்துக்கொள்கிறார். முதல் ஆட்டம் ஒன்றுக்கே இவ்வளவு கணக்கு. வரையும்போது ஒரு காய் கூடிவிட்டாலும், பலகையை வைத்துக்கொண்டு கூடவே ஆடிப் பார்க்கும் குழந்தைக்கு விதியே புரியாமல் போகும்.

இதே கணக்குதான் காலத்தையும் தீர்மானிக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு காய் விழ 10 ஃபிரேம், ஒரு முறை அள்ள 15 ஃபிரேம் என வைத்தால் இந்த ஆட்டம் 13.8 நொடி ஓடும். நீளமாகத் தோன்றினாலும் நடுவில் வெட்டக் கூடாது. கைக்காய் தீர்ந்த பிறகும் ஆட்டம் ஏன் தொடர்கிறது என்பதுதான் புதிதாகக் கற்பவருக்கு விளங்காத இடம். முதல் முறை அள்ளுவதற்கு முன், கை அடுத்த குழியின் மேல் அரை நொடி நிற்கட்டும். காய்கள் தாமாகப் பறப்பதாக வரைவது எளிது. ஆனால் குழந்தை கையால்தான் ஆடப்போகிறது. ஆகவே கை வரைந்தே தீர வேண்டும். ஆடுபவரின் கை திரையின் கீழிருந்தும் எதிராளியின் கை மேலிருந்தும் வர வேண்டும். கோணம் கடைசிவரை மாறக் கூடாது.

குரலை முதலில் பதிவு செய்து, அதன்மேல்தான் அனிமேட்டிக் கட்ட வேண்டும். மொழி வீட்டுப் பேச்சாக இருக்கட்டும்: “அஞ்சையும் எடுத்துக்கோ, ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போ.” காய் விழும் நேரத்தில் குரல் பேசக் கூடாது, குழந்தை எண்ணிக்கொள்ள இடம் வேண்டும். அங்கே புளியங்கொட்டை மரக்குழியில் விழும் ஓசை ஒன்றே போதும்.

காயை வெல்லும் இடத்தில் திரையை மின்ன வைக்கும் ஆசை எழும். அதைக் கைவிட வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் பகுதி ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது இன்று இணையத்துக்கான அணுகல் நெறி.

காயாகக் குன்றிமணியை வரையவே கூடாது. பார்க்க அழகுதான், ஆனால் அதன் பருப்பு கடும் நஞ்சு. புளியங்கொட்டையோ சோழியோ காட்டலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அவையும் தொண்டையில் சிக்கும் என்று குரலிலேயே எச்சரிக்க வேண்டும். பலகை இல்லாத வீட்டுக்கு முட்டை அட்டையைப் பரிந்துரைப்பதில் ஒரு சிக்கல் உண்டு: வழக்கமான 30 முட்டை அட்டையில் வரிசைக்கு 6 குழிக்கு மேல் கிடையாது. தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போடச் சொல்வது எளிது.

அனிமேட்டிக் முடிந்ததும் ஆட்டம் தெரியாத ஒரு குடும்பத்திடம் படத்தையும் பலகையையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். எந்த இடத்தில் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறார்களோ அந்தக் காட்சியை மறுபடி கட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் திருத்துவது ஒரு நாள் வேலை. ரெண்டர் ஆன பிறகு அதே திருத்தம் வாரக்கணக்கில் இழுக்கும். தயாரிப்பாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்தச் சோதனையை மட்டும் இளம் கலைஞர் விட்டுக்கொடுக்கக் கூடாது.