பெண் பிள்ளை படித்தால் யாருக்குப் பயம்?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆப்கானிஸ்தானில் பெண்கள் ஆறாவதுக்கு மேல் படிக்கக் கூடாதாமே, ஏன் தாத்தா? பெண்களுக்குப் படிப்பு வராது என்று நினைக்கிறார்களா?" கேபினும் சிக்னலுமாகக் காலம் தள்ளிய ரயில்வேக்காரனுக்கு இதற்கெல்லாம் விடை சொல்ல என்ன யோக்கியதை என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனாலும் நல்ல கேள்வி. தெரிந்ததை எழுதுகிறேன். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

படிப்பு வராது என்று நினைத்தால் தடையே போடமாட்டார்கள். ஓடாத வண்டிக்கு யாரும் சிவப்பு விளக்குக் காட்டுவதில்லை. படிப்பு வரும், வந்தால் கேள்வியும் வரும் என்று தெரிந்தவர்கள்தான் தடை போடுகிறார்கள்.

இதற்கு காபூல் வரை போகவேண்டாம், முதலில் நம் பக்கத்தையே பார்ப்போம். என் சொந்த ஊர் சித்தூர் ஜில்லா கார்வேட்டிநகரம். அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் புத்தூரில் இறங்கி மேற்கே பஸ்ஸில் போகவேண்டும். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்நாளில் அது ஒரு ஜமீன் சமஸ்தானம். வேணுகோபால சுவாமியின் பெயரை முத்திரையாக வைத்து சாரங்கபாணி பாடிய தெலுங்குப் பதங்கள் அங்கே பிறந்தவை. இப்படிப்பட்ட பதங்களை மனப்பாடமாகக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தேவதாசிப் பெண்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் தென்னாட்டில் எழுதப் படிக்கக் கற்ற பெண்களில் அவர்கள் முக்கியமானவர்கள். குடும்பப் பெண் புத்தகத்தைத் தொட்டால் "தாசி மாதிரி ஆகிவிடுவாள்" என்று பயமுறுத்தினார்கள். சரி, தாசி குலத்துப் பெண்ணுக்காவது தாராளமாகப் படிப்பு கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வேண்டிய அளவுதான். அதற்கு மேல் கேட்டால் அவளுக்கும் கதவு மூடியது.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் கதை அதுதான். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பெரிய பதவி வகித்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். பெண் என்று ஒரு ஆட்சேபணை, தாயாரின் குலத்தைச் சொல்லி இன்னொரு ஆட்சேபணை. பையன்கள் கெட்டுப்போவார்களாம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். மூடச் சொன்னவர்கள் நாலு எழுத்து படித்த பெரிய மனிதர்கள், திறந்தவர் ஓட்டு வாங்காத ஒரு ராஜா என்பதைக் கவனியுங்கள். அடக்குமுறை அரண்மனையில் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை. தெருவும் ஒரு சர்க்கார்தான்.

அம்மையார் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பத்துப் பதினைந்து வருஷத்தில் சென்னை சட்டசபைக்குள் நுழைந்து, துணைத் தலைவராகவும் ஆகி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துப் பேசினார். அதற்கான முழுச் சட்டம் 1947-இல் வந்தது. கல்லூரி வாசலில் அவரை அன்றே தடுத்திருந்தால் அந்தப் பேச்சு ஏது? தடுக்க நினைத்தவர்கள் ஒருவிதத்தில் கெட்டிக்காரர்கள்தான்.

சட்டம் வந்தும் எங்கள் பக்கத்தில் வழக்கம் அடியோடு ஒழியவில்லை. குழந்தைக்குச் சீக்கு வந்தால் மாத்தம்மா தேவிக்கு நேர்ந்துகொண்டு, பெண் குழந்தைக்குத் தாலி கட்டிவிடுவார்கள். நிலமில்லாத அருந்ததியர், மாதிகா குடும்பங்களில்தான் இது நடந்தது. வளர்ந்தபின் அவள் திருவிழாவில் ஆடவேண்டும், கல்யாணம் கிடையாது, ஊரிலுள்ள வசதியானவர்களுக்கு அவள் மேல் உரிமை உண்டு என்று ஏற்பாடு. ஆந்திர அரசு 1988-இல் தனிச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும், 2017-இல், திருவள்ளூர், சித்தூர் பக்கத்து மாத்தம்மா வழக்கம் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் இரண்டு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பவேண்டி வந்தது. பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு ரிஜிஸ்டரில் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஒரு டீச்சர் இருப்பார். பள்ளிக்குப் போகாத பெண்ணுக்கு இந்தச் சாட்சிகள் யாரும் இல்லை. அவளால் லாபம் அடைகிறவனுக்கு அதுதானே சௌகரியம்?

இனி காபூலுக்குப் போகலாம். தாலிபான்கள் 1996-இல் பிடித்தபோதும் பெண்கள் பள்ளிகளை மூடினார்கள். அங்கே ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களையும் வீட்டுக்கு அனுப்பியதால் பையன்கள் படிப்பும் கெட்டது. 2021 ஆகஸ்டில் மறுபடி வந்தார்கள். 2022 மார்ச் 23-ஆம் தேதி உயர்நிலைப் பள்ளி திறக்கிறது என்று நம்பி வந்த பெண்களைச் சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது. உயர்நிலைப் படிப்பை இழந்த பெண்கள் குறைந்தது 14 இலட்சம் என்று 2024-இல் யுனெஸ்கோ சொன்னது.

ஏன் ஆறாவதோடு நிறுத்தினார்கள்? பழைய சிக்னல் கேபின்களில் இன்டர்லாக்கிங் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு லீவரை இழுத்தால், அதோடு மோதக்கூடிய மற்ற லீவர்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆறாவது வகுப்பு அப்படி ஒரு லீவர். அதைப் பூட்டினால் கல்லூரி, உத்தியோகம், சொந்தச் சம்பாத்தியம், கல்யாணத்துக்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் எல்லாம் தனித்தனியாகத் தடுக்காமலே பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓட்டு இல்லை, வேலை இல்லை, பேச்சுரிமை இல்லை என்று ஆண்களையும் அடக்கி வைத்திருக்கும் ஆட்சி, அவர்களுக்கு ஈடாக எதையாவது கொடுத்தாகவேண்டும். வீட்டுப் பெண்கள் மேல் அதிகாரத்தைக் கொடுக்கிறது. கஜானாவிலிருந்து காலணா செலவில்லை. தகப்பனும் அண்ணனும் சம்பளமில்லாத காவலர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மதத்தின் மேல் பழி போடாதீர்கள். பல்கலைக்கழகத் தடையைக் கெய்ரோவின் அல் அஸ்ஹர் தலைமை இமாமே கண்டித்தார். பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு, 2024 டிசம்பரில் நர்ஸ், மருத்துவச்சிப் படிப்புக்கும் தடை. அப்படியானால் பிரசவத்தை யார் பார்ப்பது? இதில் எந்தச் சாஸ்திரமும் இல்லை, கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

நாம் உட்கார்ந்து அவர்களைப் பரிகாசம் செய்வதற்கும் இல்லை. ரயில் பாதை வேலைக்குக் குடும்பத்தோடு ஊர் ஊராக வந்த கூலிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி ஸ்லேட்டோடு போவான். அக்கா, மரத்தில் கட்டிய தூளியை ஆட்டிக்கொண்டிருப்பாள். அங்கே தாலிபான் யாரும் இல்லை.

முதல் தாலிபான் ஆட்சியில் ஹெராத் நகரில் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொள்ள மட்டும் அனுமதி இருந்தது. உடனே ஒரு தையல் பள்ளி கிளம்பியது. துணியும் கத்தரியும் வைத்த பைக்கு அடியில் நோட்டுப் புத்தகம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வந்து இலக்கியப் பாடம் நடத்துவார். வாசலில் குழந்தைகள் விளையாடுவதுபோல் காவல் இருப்பார்கள். ரோந்துக்காரர் தலை தெரிந்தால் உள்ளே தகவல் போகும், புத்தகம் மறையும், ஊசி கையில் ஏறும். 2001-இல் அந்த ஆட்சி விழும்வரை அப்படித்தான் படித்தார்கள். இன்றும் அந்நாட்டில் பல வீடுகளின் உள்ளறைகளில் வகுப்புகள் ரகசியமாக நடக்கின்றன.