கியர்க் குமிழின் மெருகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரின் உட்புறத்தில் கண்ணுக்கு அலங்காரமாக அமைந்த வஸ்துக்கள் பல உண்டாயினும், ஓட்டுகிறவருடைய கை நாள் முழுதும் நாடிச் செல்லும் இடங்கள் இரண்டுதான்: ஒன்று ஸ்டியரிங் சக்கரம், மற்றொன்று கியர் ராடின் தலையிலுள்ள குமிழ். அந்தக் குமிழும், ராடின் அடியை மூடியிருக்கும் தோலுறையும், உறையைச் சுற்றிப் பதிந்திருக்கும் சட்டமும் சில வருஷங்களில் தேய்ந்தும் உரிந்தும் அழுக்கேறியும் போவது இயற்கையாதலின், அவற்றை வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளவும், கைத்திறன் உள்ளவர்கள் புதிதாகவே செய்துகொள்ளவும் முற்படுவது மெச்சத்தக்கதே. ஆயினும் இக்காரியத்தில் இறங்குகிறவர்களிற் பெரும்பாலோர் தச்சரிடமிருந்தும், செருப்புத் தைப்பவரிடமிருந்தும், காருக்குப் பெயிண்ட் அடிப்பவரிடமிருந்தும் சில பழக்கங்களைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவரவர் தொழிலில் குற்றமற்ற அந்தப் பழக்கங்கள், வியர்வையையும் வெயிலையும் ஓயாத உராய்வையும் ஒருங்கே தாங்கவேண்டிய இந்தச் சிறு பொருளில் விபரீதமாக முடிகின்றன.

மரக்குமிழுக்கு அரக்குப் பாலிஷைவிட உயர்ந்த மெருகு கிடையாது என்பது அத்தகைய நம்பிக்கைகளுள் முதன்மையானது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பைப் பழைய பீரோக்களில் கண்டு மயங்கியவர்கள் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் ஸ்பிரிட்டில் கரைகிற குணத்தால் பாலிஷாகப் பயன்படும் அந்த அரக்கு, அதே குணத்தால் கையில் பூசிய சானிடைசருக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இளகிக் கொடுக்கிறது. அன்றியும் அரக்கு 75 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே மென்மையடையத் தொடங்குவது. சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவதும், நேர்வெயில் படும் பரப்புகள் அதனினும் சூடேறுவதும் யாவரும் அனுபவத்தில் அறிந்தவையே. மேற்பூச்சுக்கு உகந்தது பாலியூரித்தேன் வார்னிஷ்.

இதனால் அரக்குக்கு இங்கே வேலையே இல்லை என்று கொள்ளவேண்டா. ஈட்டி மரத்திற் குமிழ் கடைந்தவர்கள், அடித்த வார்னிஷ் நாட்கணக்கில் காயாமல் பிசுபிசுத்து நிற்பதைக் கண்டு வார்னிஷ் கடைக்காரரை நொந்துகொள்வதுண்டு. பாவம், அவர்மேல் பிழையில்லை. அம்மரத்திலுள்ள இயற்கைச் சத்துக்களே எண்ணெய் சார்ந்த வார்னிஷ் காய்வதைத் தடுக்கின்றன. மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிய அடிப்பூச்சாக ஒருமுறை கொடுத்துவிட்டால், அது மரத்துக்கும் வார்னிஷுக்கும் இடையே தடுப்பாக நின்று காரியத்தை முடித்துத் தரும். தேக்கின் குணம் வேறு: அதன் எண்ணெய்ப் பசை பூச்சையும் பசையையும் ஒட்டவிடாது; பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுவது அவசியம். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துவிட்டு அந்தக் கந்தைத் துணியைச் சுருட்டி மூலையில் எறிகிறவர்கள் இதையும் அறிந்திருக்கவேண்டும்: அது காயும்போது தானே வெப்பங்கொண்டு நெருப்புப் பற்றக்கூடியது. விரித்துப் போட்டு உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

கடைந்த குமிழில் நேராகவே மரை வெட்டிவிடலாம் என்பதும் தவறு. மரத்தில் வெட்டிய மரை, திரும்பத் திரும்ப இழுக்கும் கைக்குச் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். உள்மரை வெட்டிய பித்தளைச் செருகலொன்றை எபாக்சிப் பசையால் பதிப்பதே நிலைக்கும். எல்லா ராடுக்கும் ஒரே மரை என்றும் எண்ணற்க: ஹோண்டாக்களில் பொதுவாக 10 மி.மீ. விட்டத்துக்கு 1.5 மி.மீ. புரியிடைவெளி, டொயோட்டாக்களில் 12 மி.மீ.க்கு 1.25.

விலையுயர்ந்த கார்களின் சட்டத்தில் மின்னும் மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடித்தால் போயிற்று என்கிறார்கள். ஜாகுவார் முதலிய கார்களில் வால்நட் என்று நாம் கண்டு வியப்பது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள மரத்தகடும், அதன்மேல் அதைவிடக் கனமாக வார்த்த வார்னிஷுமேயாம். இன்னும் பல கார்களில் மரமே இல்லை. பிளாஸ்டிக்கின்மேல் மரவரி அச்சிட்ட படலந்தான். விரிசல் விட்டிருப்பதும் அநேகமாக மரமன்று, மேலே உள்ள வார்னிஷ். தேய்க்கும்போது உதிரும் தூள் வெண்மையாக இருக்குமட்டும் வார்னிஷில் இருக்கிறீர்கள். எந்த மூலையில் அது பழுப்பாக மாறுகிறதோ அந்த மூலையில் கையை எடுத்துவிடவேண்டும். விளிம்புகளிலும் வளைவுகளிலும் அந்த மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். அடுத்த தேய்ப்பில் மரத்தகடு போய் அடியிலுள்ள அலுமினியமோ ஒட்டுப்பலகையோ பல்லிளிக்கும்.

பிளாஸ்டிக் சட்டங்களைத் தின்னரால் துடைத்துச் சுத்தம் செய்தால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்பது பெயிண்டரிடம் கற்ற பாடம். இரும்புத் தகட்டுக்கு அது சரி. சட்டத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் இன்ன பிளாஸ்டிக் என்ற எழுத்து பொறித்திருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைத்துக் குழைத்துவிடும். சோப்புத் தண்ணீரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுமே போதும். பி.பி. என்றிருந்தால் எதைக்கொண்டு துடைத்தாலும், பிளாஸ்டிக்குக்கென விற்கும் பற்றுப்பூச்சு இல்லாமல் அடித்த பெயிண்ட் நகத்தால் உரிந்து வரும். கண்ணாடிபோல் வழவழப்பாகத் தேய்த்தபின்தான் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்பதும் வீண் பிரயாசை. 400 நம்பர் உப்புத்தாளின் மெல்லிய கீறல்கள் இருந்தால்தான் பூச்சுக்குப் பிடிமானம். அடைமழை நாளில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மேகம் பாயுமென்பதையும் நினைவில் வைத்துக்கொள்க.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் எந்தப் பூச்சும் அடிக்கலாம் என்ற நம்பிக்கையை மட்டும் நான் மன்னிப்பதற்கில்லை. இரண்டு டப்பாக்களிலிருந்து கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் கிளியர் கோட்டின் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்னும் ரசாயனம் இருக்கிறது. அது சுவாசத்தில் சேர்ந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை அதற்கு உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு அணுவளவும் ஆகாது. துணி அதைத் தடுக்காது. தக்க சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லாத வீட்டுக்காரர்கள் அந்த ஒரு வேலையைப் பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதே விவேகம்.

இனி தோலுறை. தோல் என்று நாம் நினைப்பது பாதிக்குமேல் ரெக்சின். பின்புறத்தில் நெய்த துணி தெரிந்தால் ஐயமே வேண்டா. வெடித்த ரெக்சினை எந்த எண்ணெயும் உயிர்ப்பிக்காது. உண்மைத் தோலாயினும், இக்காலத்துக் கார்த் தோலின் மேல் நிறமும் பாலியூரித்தேனும் சேர்ந்த பூச்சு இருப்பதால், தேங்காயெண்ணெய் உள்ளே இறங்காமல் மேலே நின்று தூசியைச் சேர்த்துக்கொள்ளும். ஷூ பாலிஷின் மெழுகும் நிறமும் வெயிலில் இளகிக் கையில் ஒட்டி, அங்கிருந்து வெள்ளை வேட்டிக்குக் குடிபெயரும். தோலுக்கென்று விற்கும் தண்ணீர் சார்ந்த நிறமும், அதன்மேல் அதற்குரிய காப்புப் பூச்சுமே ஏற்றவை.

புதிதாகத் தைப்பவர்கள் சென்னைப் பெரியமேட்டில் 1 மி.மீ. கனமுள்ள மென்தோல் ஒரு துண்டு வாங்கி, பழைய உறையின் தையலைப் பிரித்து, துண்டுகளைக் கனத்த புத்தகத்தின் கீழ் சமனாக்கி வரைந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்ற துணித் தையல் சாஸ்திரம் இங்கே செல்லாது. துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்கிறது. தோலிலோ ஒவ்வொரு குத்தும் ஆறாத துளை. நெருக்கிக் குத்தினால் தபால்தலைத் தாளைப்போல் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். ஒரு தையலுக்கு 3 முதல் 4 மி.மீ. நீளம் விடவேண்டும், பாலியஸ்டர் நூல் வெயிலைத் தாங்கும். உறை இறுக்கமாக இருந்தால் அழகு என்று தோலைச் சிக்கனம் பிடிப்பதும் ஆபத்து: விறைத்த உறை ராடைத் திரும்ப இழுத்து, போட்ட கியரை நழுவச் செய்யக்கூடும். ஆகவே ஓரங்களைச் சட்டத்தில் ஒட்டுமுன், எஞ்சினை அணைத்து, எல்லாக் கியரிலும், குறிப்பாக, சில கார்களில் குமிழின்கீழுள்ள வளையத்தை உயர்த்திப் போடும் ரிவர்ஸிலும், உறை தளர்வாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

கனமான இரும்புக் குமிழ் போட்டால் கியர் சுலபமாக விழும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. கனத்தின் வேகம் கைக்குத் துணைசெய்யும். ஆனால் கியர்ப்பெட்டிக்குள் தேய்ந்துபோன சிங்க்ரோ வளையத்தை அது குணப்படுத்தாது. நண்பகலில் அது உள்ளங்கையைச் சுடும் என்பதும் உறுதி.

கடைசியாக, கியர் வரிசையைக் குறிக்கும் படம் தமக்கே மனப்பாடமாயிற்றே என்று புதுக்குமிழில் அதை விட்டுவிடுகிறார்கள். மாருதி ஸ்விப்டில் ரிவர்ஸ் வலப்புறம் கீழே. வோக்ஸ்வாகன் போலோவில் ராடை அமுக்கி இடப்புறம் மேலே. அமெரிக்காவில் இந்தப் படம் ஓட்டுநர் கண்ணில் படும்படி இருக்கவேண்டுமென்று பாதுகாப்பு விதியே இருக்கிறது. காரை நிறுத்திவைக்கச் சாவி வாங்கிக்கொள்ளும் கல்யாண மண்டபத்துப் பையனுக்கு நம் மனப்பாடம் உதவாது. குமிழில் இடமில்லையென்றால், பக்கத்துச் சட்டத்தில் பொறித்து வைத்தாலும் போதும்.