பயிற்சிக்குச் செல்லும் பொறியியல் மாணவருக்கு

பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், சென்னை எம்.ஐ.டி.யில் கற்றுத் தேர்ந்த அப்துல் கலாம் பயிற்சியாளராய்ச் சேர்ந்து, எஞ்சின்களைக் கழற்றிப் பழுதுபார்த்துப் பூட்டும் குழுவில் ஒருவராகவே தொழில் பயின்றார் என்பதை, அந்நகருக்கு இன்று பயிற்சிக்குச் செல்லும் மாணவர் நினைவிற் கொள்வது நலம். ஒருவர் இறுக்கிய போல்ட்டை நம்பியே அடுத்தவர் தம் பாகத்தைப் பொருத்துகிறார். ஆதலின், எடுத்த ஸ்பானர்களை எண்ணித் திரும்ப வைப்பதும், பாதியில் நின்ற வேலையைப் பதிவேட்டில் எழுதுவதோடு அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிடுவதும், குறித்த தினத்தில் காரியம் முடியாதென்று தோன்றினால் முன்னதாகவே மேற்பார்வையாளருக்கு அறிவிப்பதும் அவசியம். தெரியாததைத் தெரியாதென்று சொல்வதில் லஜ்ஜை வேண்டாம். இறுக்காததை இறுக்கியதாகக் கையொப்பமிடுவதோ மகா அபராதம். தாமதத்திற்குச் சில்க் போர்டு சந்தியின் நெரிசலைச் சமாதானமாகக் கூறுவது அவ்வூரில் யாவரும் அறிந்த பழங்கதை. அரைமணி முன்னதாகவே புறப்படுங்கள்.