எதைக் காப்பது? ஓர் உப்பாலை தரும் பாடம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் முதலில் வந்து நிற்பவர் பழைய இரும்பு வியாபாரி. வரலாற்று ஆசிரியர் வெகுகாலம் கழித்தே வருகிறார். அதற்குள் பாதி போய்விடும். எஞ்சிய அனைத்தையும் காக்கவோ பொருள் போதாது. அப்படியாயின் எதைக் காப்பது? இவ்வினாவிற்கு விடை காணத் தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலுள்ள ஹம்பர்ஸ்டன், சாந்தா லௌரா என்னும் இரு ஆலைகளை நோக்குவோம்.

சிலி வெடியுப்பு என்று நாம் படிக்கும் சோடியம் நைட்ரேட், அட்டகாமா பாலைவனத்தில் 'கலிச்சே' என்ற தாதுவில் கிடைக்கிறது. தாதுவை நொறுக்கி, நீராவியால் சூடேற்றிய நீரில் கரைத்தனர். சோடியம் நைட்ரேட் சூடான நீரில் மிகுதியாகக் கரையும். கரைசல் ஆறியதும் படிகமாகப் பிரியும். உடனிருக்கும் சாதாரண உப்பின் கரைதிறனோ வெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை. இந்த எளிய உண்மையின்மேல் நின்றவையே 1872-இல் தோன்றிய இவ்விரு ஆலைகளும். உரமாகவும், வெடிமருந்தின் மூலப்பொருளாகவும் அவ்வுப்பு உலகெங்கும் சென்றது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறை 1913-இல் ஜெர்மனியில் ஆலை அளவில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வெடியுப்புத் தொழில் நலிந்தது. 1960-இல் இரு ஆலைகளும் மூடப்பட்டன.

உப்புக் காற்று இரும்பை அரித்தது. கள்வர் தகடுகளையும் மரங்களையும் பெயர்த்துச் சென்றனர். 1970-இல் சிலி அரசு இவற்றைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே, ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. பாதுகாப்புப் பணிகளுக்குப்பின் 2019-இல்தான் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததில்தான் நமக்குப் பாடம் உள்ளது. சாந்தா லௌராவில் தாது அரைக்கும் எந்திரமும், கரைப்புக் கொட்டகையும் நிற்கின்றன. ஹம்பர்ஸ்டனில் தொழிலாளர் வீடுகளும், பள்ளியும், அங்காடியும், நாடக அரங்கும் உள்ளன. உப்பு உண்டான விதத்தை ஒன்று காட்டுகிறது. அதை உண்டாக்கியவர் வாழ்ந்த விதத்தை மற்றொன்று காட்டுகிறது.

வெடியுப்பு ஆலைகளில் பல ஆண்டுகள் கூலி பணமாகத் தரப்படவில்லை, வில்லைகளாகத் தரப்பட்டது. அவ்வில்லை செல்லுபடியாகும் இடம் ஆலையின் அங்காடியே. இம்முறையை எதிர்த்தும், நல்ல கூலி கேட்டும் 1907-இல் இக்கீக்கே நகரில் திரண்ட தொழிலாளர்மீது இராணுவம் சுட்டது. மிகப் பலர் மாண்டனர். அழகிய அரங்கை மட்டும் காத்து, அங்காடியை இடித்திருந்தால் கட்டடமே பொய் சொல்லியிருக்கும் அல்லவா?

ஆகவே, காக்கத் தகுந்ததைத் தேர்ந்தெடுக்க மூன்று வினாக்கள் போதும் எனலாம். இது தொழில்நுட்பத்தை விளக்குகிறதா? உழைத்தவரின் வாழ்வைச் சொல்கிறதா? இன்று விட்டால் நாளை கிடைக்குமா? முதல் வினாவை அறிஞர் எவரும் கேட்பர். இரண்டாவதை மறந்துவிடக்கூடாது என்பதே, உழைப்பாளர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த என் கருத்து. எந்திரத்தின் படம் ஏட்டில் கிடைக்கும். அதை இயக்கியவரின் பெயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் குடியிருந்த வீடாவது நிற்கட்டும்.