பெயருக்குக் காசா, சாமானுக்குக் காசா?

சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்குப் போய்வரும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். ஹட்டனிலோ பதுளையிலோ சுப்பர்மார்க்கட்டுக்குள் போனால் ஒரே தட்டில் இரண்டு விதமான ஜாம் போத்தல், இரண்டு விதமான பிஸ்கட் பக்கட், இரண்டு விதமான மிளகாய்த்தூள் இருக்கும். ஒன்றில் ரேடியோவிலும் டீவியிலும் நாள்தோறும் கேட்கும் பெயர். மற்றதில் அந்தக் கடையின் பெயர். கடைப்பெயர் போட்டது அநேகமாக விலை குறைவு. எதை எடுப்பது? மலிவானதை எடுத்தால் பிள்ளைகளுக்கு மட்டமான சாமானைக் கொடுத்ததாகிவிடுமோ என்று பயம். விலை கூடியதை எடுத்தால் மாதக் கடைசியில் லயத்துக் கடையின் பற்றுக் கொப்பி நீளும்.

இது சின்ன விஷயம் அல்ல. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஒரே வருடத்தில் நூற்றுக்கு 94.9 கூடியிருந்தது. பிறகு விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, பழைய விலை திரும்பி வரவில்லை. ஆகையால் ஒரு பக்கட்டில் இருபது முப்பது ரூபாய் மிச்சம் என்றாலும் மாதத்தில் அது ஒரு பிள்ளையின் கொப்பிச் செலவு.

தேயிலையே நமக்குச் சொல்லும் பாடம்

பெயர் வேறு, சாமான் வேறு என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாம் கிள்ளும் கொழுந்து பக்டரிக்குப் போகிறது. வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்து, பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று தரம் பிரித்துப் பையில் அடைக்கிறார்கள். பையில் இருப்பது தோட்டத்தின் குறி மட்டுமே. அது கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அந்த ஏலம் 1883ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அங்கே வாங்குபவர் பல தோட்டத்துத் தூளைக் கலந்து, தன் பெயர் போட்ட பெட்டியில் அடைக்கிறார். நம்முடைய தோட்டத்துத் தூளை இந்த வாரம் ஒரு கம்பனி வாங்கும், அடுத்த வாரம் வேறு கம்பனி வாங்கும். இலண்டனில் ஒரு சுப்பர்மார்க்கட்டின் சொந்தப் பெயரிலும் அது போகலாம், உலகம் அறிந்த பெயரிலும் போகலாம். கொழுந்துக்கு அது தெரியாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிப்டன் என்ற பெயரைக் கேள்விப்படாத தோட்டம் இல்லை. தோமஸ் லிப்டன் தேயிலைக்காரராகத் தொடங்கியவர் அல்ல. அவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1871இல் மளிகைக்கடை திறந்தவர். பின்னர் பிரித்தானியா எங்கும் நூற்றுக்கணக்கான கடைகள் அவருக்கு இருந்தன. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்ன உட்பட ஊவாப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, அந்தத் தேயிலையைத் தன் கடைகளிலேயே தன் பெயர் போட்ட பக்கட்டுகளில், மற்றவர்களை விடக் குறைந்த விலைக்கு விற்றார். அதாவது இன்றைக்குப் பெரிய பெயராக இருக்கும் லிப்டன் தேயிலை அன்றைக்கு ஒரு மளிகைக்கடைக்காரரின் ‘கடைச் சாமான்’தான். ‘கடைப்பெயர் போட்டது மட்டம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எழுவான்கரையில் அரிசி வாங்கும் விதம்

மலையகத்தில் தேயிலை எப்படியோ அப்படித்தான் கிழக்கில் நெல். மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே குருக்கள்மடம் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுவான்கரை என்பார்கள். அங்குள்ள ஊர்களில் பலருக்கு வயல் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அறுவடை முடிந்ததும் நெல்லை வாங்க லொறிகள் வந்து நிற்கும். அந்த மாவட்டத்து நெல்லில் பெரும் பங்கு பொலனறுவையில் உள்ள பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அங்கே அவித்து, குத்தி, பளபளப்பாக்கி, அழகான பெயர் போட்ட பையில் அதே மட்டக்களப்புக் கடைகளுக்கும் நமது ஹட்டன் கடைகளுக்கும் அரிசியாகத் திரும்பி வருகிறது.

ஆனால் வயல் உள்ள வீட்டார் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று சில மூட்டைகளை ஒதுக்கி, ஊர் மில்லில் குத்தி வைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அரிசி வாங்கும்போது பையின் பெயரைப் பார்ப்பதைவிட, “இது என்ன நெல்லு, எப்ப குத்தினது?” என்று கேட்பதே வழக்கம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, குறுநொய் எவ்வளவு, கல் உண்டா, கறுப்பு மணி உண்டா என்று பார்ப்பார்கள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மக்கிய வாசம் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மணியைக் கடித்தும் பார்ப்பார்கள். நாம் வாங்கும் பையின் வாய் தைத்திருப்பதால் இதையெல்லாம் செய்ய முடிவதில்லை. அப்போது நம்முடைய கைக்குப் பதிலாக லேபலைத்தான் கேட்க வேண்டும்.

விலையிலும் அரிசி ஒரு நல்ல உதாரணம். 2024 டிசம்பரில் அரசாங்கம் உள்நாட்டு நாட்டரிசி கிலோவுக்கு 230 ரூபாய் என்று உச்ச விலை குறித்தபோது, அது நாட்டரிசி என்ற இனத்துக்குக் குறித்த விலையே தவிர, பையில் உள்ள பெயருக்குக் குறித்தது அல்ல. நீங்கள் இதை வாசிக்கும்போது உச்ச விலை என்ன என்று சங்கக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

கடைச் சாமான் ஏன் மலிவு?

சுப்பர்மார்க்கட்காரர் எல்லாச் சாமானுக்கும் சொந்தமாகப் பக்டரி வைத்திருப்பதில்லை. வேறொருவர் செய்து கொடுப்பதைத் தன் பெயர் போட்டு விற்பதே அதிகம். டீவி விளம்பரச் செலவு குறைவு. கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதி தேவையில்லை. தட்டும் தன்னுடையதே. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு விலைக்குறைப்பாக நமக்கு வருகிறது.

சில சமயம் கடைக்காரரின் பொருளில் கடையின் பெயரே இருக்காது. கிஸ்ட் ஜாமும் கொத்மலைப் பாலும் கார்கில்ஸ் குழுமத்துக்குச் சொந்தமானவை. ஃபுட் சிட்டி கடைகளும் அதே குழுமத்தின் கடைகளே. ஆகவே ‘பிரபல பெயர்’, ‘கடைப்பெயர்’ என்று நாம் கோடு போட்டுப் பிரிப்பதுபோல வியாபாரத்தில் கோடு இல்லை.

மலிவுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஜாமில் பழத்தைக் குறைத்துச் சீனியைக் கூட்டினாலும் விலை குறையும். டின்மீனில் மீனைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாலும் குறையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேபலில் உள்ளடக்கம் எழுதும்போது, நிறையில் கூடியதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஜாம் போத்தலில் முதலாவதாகச் சீனி, பின்னால் பழம் என்று இருந்தால், பழத்தைவிடச் சீனி அதிகம் என்று அர்த்தம். டின்மீனில் மொத்த நிறையோடு, நீரை வடித்த பின் உள்ள நிறையும் இருக்கும். அந்த இரண்டாவது எண்ணைத்தான் இரண்டு டின்னிலும் ஒப்பிட வேண்டும். எஸ்.எல்.எஸ். முத்திரை இல்லாத டின்மீனை, பெயர் எதுவானாலும் தொட வேண்டாம். எழுத்து பொடியாக இருந்தால், அல்லது தெரியாத பாஷையில் இருந்தால், பாடசாலை போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் அது ஒரு படிப்பு.

பக்கட்டின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விலை ஏறிய காலத்தில் பல பக்கட்டுகள் விலையைக் கூட்டாமல் நிறையைக் குறைத்துக்கொண்டன. ஆகையால் கணக்கு ஒன்று போட்டே ஆகவேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம்: பிரபல பிஸ்கட் 80 கிராம் 100 ரூபாய், கடைப்பெயர் பிஸ்கட் 100 கிராம் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் முதலாவது மலிவு என்று தோன்றும். 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாவது 125 ரூபாய், இரண்டாவது 110 ரூபாய். விலையை நிறையால் பிரித்து 100ஆல் பெருக்கினால் போதும். கையில் போன் இருந்தால் அதிலேயே கணக்குப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் மிகவும் அடிவாங்குவது சின்னச் சின்னச் சரைப் பக்கட்டுகள். காசு கையில் இல்லாத நாளில் சின்னதைத்தான் வாங்க முடியும், அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பக்கத்து லயத்து நாலு குடும்பம் சேர்ந்து பெரிய பை பருப்பையோ சீனியையோ வாங்கி, தராசில் பங்கு போட்டுக்கொண்டால் பெயரைப் பற்றிய சண்டையே தேவையில்லாமல் மிச்சம் வரும். பஸ் காசையும் கணக்கில் சேருங்கள். 60 ரூபாய் மிச்சம் பிடிக்க 120 ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுத்துப் போனால் அது மிச்சம் அல்ல. நாலு பேருடைய சாமானை ஒருவர் போய் வாங்கி வந்தால் அதுவும் சரியாகும்.

எதில் பெயர் வேண்டாம், எதில் கவனம் வேண்டும்

உப்புக்குப் பெயர் பார்க்க வேண்டாம், அயடின் சேர்த்ததா என்று மட்டும் பாருங்கள். சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்க்க வேண்டும் என்று 1995இல் சட்டம் வந்தது, தொண்டைக்கழலையைத் தடுக்கத்தான். வாங்கிய உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் அயடின் குறைந்து போகும். சீனி, பருப்பு ஆகியவையும் அப்படியே. அவற்றில் பெயருக்குக் கொடுக்கும் காசு வீண்.

நாம் ரொட்டி சுடும் கோதுமை மாவைப் பாருங்கள். திருகோணமலையில் பிறீமா, கொழும்பில் செரண்டிப் என்று நாட்டில் மா அரைக்கும் பெரிய ஆலைகளே ஒன்றிரண்டுதான். சில்லறைக் கடையில் மூட்டையில் இருந்து நிறுத்துக் கொடுக்கும் மாவும் அநேகமாக அங்கிருந்து வந்ததே. வண்டு இல்லையா, மக்கிய வாசம் இல்லையா, மூட்டை நாள்பட்டுக் கிடக்கிறதா என்பதே கேள்வி. வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும் கடையில் உதிரி மாவு வாங்கலாம்.

தூள்களும் எண்ணெயும் வேறு விஷயம். 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை தாறுமாறாக ஏறியபோது, மாவும் சாயமும் கலந்த மஞ்சள்தூள் சந்தைக்கு வந்தது. 2021 மார்ச்சில், இறக்குமதி செய்த தேங்காயெண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய் ஆகியவற்றை விலாசம் இல்லாத பையிலும் போத்தலிலும் வாங்கவேண்டாம். கடைப்பெயரோ பிரபல பெயரோ, தயாரித்தவர் விலாசமும் தொகுதி எண்ணும் திகதியும் இருந்தால், பிழை வந்தால் ஆளைப் பிடிக்கலாம். வசதி இருந்தால் கொச்சிக்காயும் கிழங்கு மஞ்சளும் வாங்கித் திரித்துக்கொள்வதே மேல்.

பிள்ளைகளுக்கென்று வாங்கும் இனிப்புப் பானங்களில் நிறப் புள்ளி ஒன்று உண்டு. 2016 முதல் அது கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பெரிய பெயர் போட்ட பானத்திலும் சிவப்பு இருக்கும், பாருங்கள். கர்ப்பிணித் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், நிறை குறைந்த பிள்ளைக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷவுக்கோ காசே இல்லை. 1973இல் தொடங்கிய திட்டம் அது. அதைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டு, கடையில் விலை கூடிய சத்துமாவைத் தேடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். குடும்பநல மருத்துவமாதிடம் முதலில் கேளுங்கள்.

பிரபல பெயரை வாங்குவதே சரி என்ற சந்தர்ப்பமும் உண்டு. வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காமல் குப்பைக்குப் போகும் மலிவுச் சாமான் மலிவு அல்ல. ஆகையால் புதிதாக ஒன்றை எடுக்கும்போது ஆகச் சின்ன பக்கட்டை எடுத்துப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. பக்கட்டில் அச்சடித்த விலைக்கு மேல் கேட்டால், திகதி முடிந்ததை விற்றால், அந்தச் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பழுதான சாப்பாட்டுச் சாமான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டலாம். பக்கட்டை எறிந்துவிடாதீர்கள், அதுவே சாட்சி.

பயிற்சி: அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் முடிந்த இரண்டு வெறும் பக்கட்டுகளைக் கொண்டுவாருங்கள். 100 கிராம் விலையைப் பலகையில் எழுதுவோம். ஒரு பிரபல பிஸ்கட்டையும் ஒரு கடைப்பெயர் பிஸ்கட்டையும் பெயர் தெரியாமல் இரண்டு தட்டில் வைத்து, பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளிடம் கொடுப்போம். எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.