இல்லாத ஊர்த் தபால்தலைக்கு எண் போடுபவர்களுக்கு

கற்பனை உலகத் தபால்தலைகளுக்கு இணையத்தில் பட்டியல் போட உட்காருகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது எண்ணைப் பற்றி. நான் அதைச் சில்லறை வேலை என்று நினைத்து, ஊர், ஆண்டு, முகமதிப்பு, வரிசை நான்கையும் கோத்து அழகாக ஓர் எண் அமைத்தேன். மொத்தப் பட்டியலையும் மறுபடி எழுத வைத்தது அந்த அழகுதான். மற்றதெல்லாம் யாருக்கும் கைவரும்: கறுப்புத் தாள்மேல் வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்வது, பல்லோரத்தை வெட்டாமல் விடுவது, பின்பக்கத்துக்கும் ஒரு படம், வாரம் ஒரு நகல். வேலையை முடித்துவிட்டு இரவு பத்துக்கு மேல் உட்காரும் உங்களுக்கு அதற்கே நேரம் சரியாக இருக்கும். எண்ணை இரண்டு முறை போட நேரம் கிடைக்காது.

ஆங்க்-மோர்போர்க் தபால்தலைகளைப் பாருங்கள். டெர்ரி பிராட்செட்டின் 'கோயிங் போஸ்டல்' நாவல் 2004-ல் வந்தது. ஆங்க்-மோர்போர்க் என்ற கற்பனை நகரத்தின் செத்துக்கிடக்கும் தபால்துறைக்கு ஒரு மோசடிக்காரன் உயிர்கொடுக்கும் கதை. அதிலுள்ள தலைகளை நிஜமாகவே அச்சிட்டு விற்றது இங்கிலாந்தின் வின்கான்டன் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பியர்சனின் கடை. ஷீட்டுக்குள் சற்றே மாறிய தலைகளை வேண்டுமென்றே ஒளித்துவைப்பது அவர்கள் வழக்கம். சேகரிப்பவர்கள் அவற்றை 'ஸ்போர்ட்' என்பார்கள். அரசாங்க அச்சகத்தில் பிழை தற்செயலாக வரும், இங்கே அதுதான் சரக்கு. எனவே ஆறாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் நடுவே எப்போது வேண்டுமானாலும் இன்னொன்று முளைக்கும். வரிசையையும் ஆண்டையும் எண்ணுக்குள் பூட்டியவன் அன்றைக்கு மாட்டிக்கொள்வான். எண்ணுக்கு அர்த்தமே இருக்கக் கூடாது என்பது என் கட்சி: வந்த வரிசையில் 0001, 0002, ஒருமுறை கொடுத்தால் சாகும்வரை அதே. ஊரும் ஆண்டும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும், திருத்தினால் யாருக்கும் வலிக்காது.

தபால்தலை நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸ் 1865-லிருந்து விலைப்பட்டியல் போடுகிறது; நடுவில் வந்ததற்கு 'ஏ', 'பி' ஒட்டிச் சமாளிக்கிறது, உனக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்பார்கள். அச்சுப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு உண்டு. இணையத்தில் பிறர் எடுத்துவைத்த சுட்டி பழைய எண்ணிலேயே நிற்கும். புத்தகக்காரர்களும் எண்ணைத் தாராளமாகச் செலவழிப்பதில்லை. பெர்லினில் அச்சாகிப் புழக்கத்துக்கே வராத ஆசாத் ஹிந்த் தலைகளுக்கு ஜெர்மனியின் மிஷெல் பட்டியல் ரோமன் எண் கொடுத்து, முறையான வரிசையைத் தொடாமல் விட்டது. எண்ணைப் பார்த்தவுடன் தலை எதுவென்று தெரிய வேண்டாமா என்பது இன்னொரு ஆட்சேபம். அதற்குத்தான் படமும் பெயரும்.

பொம்மைத் தலைக்கு இவ்வளவு பாடா என்று சிரிக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கும் திருவிதாங்கூர் அஞ்சல் சங்குத் தலைகள் 1888-ல் வந்தவை. முதலில் உள்வரி தெரியும் தாள், பிறகு சங்கு நீர்க்குறித் தாள், அப்புறம் நிறபேதம், துளை அளவு. 'சக்கரம்' என்ற அக்கால நாணய மதிப்பில் ஒரே தலை எத்தனை வரியாகப் பிரிகிறது! அதே 1888-ல்தான் மெய்ரேனா என்ற பிரெஞ்சுக்காரர் இன்றைய வியட்நாம் மலைப்பகுதியில் தன்னைச் செடாங் மன்னராக அறிவித்துக்கொண்டார். அந்த ராஜ்யத்தின் பெயரிலும் தலைகள் உண்டு, தேடி வாங்க ஆளும் உண்டு. 1977-ல் இறந்த அமெரிக்க ஓவியர் டொனால்ட் எவன்ஸ், தான் கற்பித்த நாடுகளுக்கு நீர்வண்ணத்தில் தலை வரைந்தார்; பல்லோரத் துளைகளுக்குத் தட்டச்சுப்பொறியின் முற்றுப்புள்ளியை அடித்தார்; எல்லாவற்றையும் தன் பட்டியலிலும் பதிந்துவைத்தார். நாடு பொய்தான். தாளும் பசையும் அச்சும் பொய்யில்லை. பட்டியலுக்கு வேண்டியது அவை மட்டுமே.

இப்போது என் பட்டியலில் 0001 ஆங்க்-மோர்போர்க்கின் முட்டைக்கோஸ் வயல் தலைக்கு. ஏன் அதற்கென்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.