பிரைமரி கீயாக எதை வைப்பது?

எம்.எஸ். அக்செஸில் டிசைன் வியூவில் ஒரு டேபிளை உருவாக்கி சேவ் செய்யும்போது, பிரைமரி கீ இல்லையே, உருவாக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். புதியவர்கள் பலர் 'நோ' பட்டனை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு ரெக்கார்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பீல்டுதான் பிரைமரி கீ. அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது.

எங்கள் வடசென்னையில் இதற்கு நல்ல உதாரணம் ரோட்டிலேயே ஓடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களைப் பாருங்கள். கன்டெய்னரின் மேல் 4 எழுத்துகள், 6 இலக்கங்கள், கட்டத்துக்குள் தனியே ஓர் இலக்கம் இருக்கும். இது ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரம். முதல் 3 எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். பாரிஸில் உள்ள பி.ஐ.சி. அமைப்பு அவற்றைப் பதிவு செய்வதால், இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே குறியீடு கிடைக்காது. 6 இலக்கங்கள் உரிமையாளர் தரும் வரிசை எண்.

கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. எழுத்து, எண் எல்லாவற்றையும் இடமிருந்து 1, 2, 4, 8 எனப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. (மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.) 'சிஎஸ்கியூயூ 305438' என்பதற்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. அவசரத்தில் 350438 என்று டைப் செய்தால் மீதி 8 ஆகிவிடும். கம்ப்யூட்டர் உடனே பிடித்துவிடும்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டுக்கு கேட் பதிவு சாப்ட்வேர் எழுதியபோது, "இந்த நம்பரையே பிரைமரி கீயா வச்சிடுங்க சார்" என்றார் சூபர்வைசர். கன்டெய்னர்களின் பட்டியலுக்கு அது சரி. கேட் பதிவுக்குச் சரிவராது. அதே பெட்டி மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும். அக்செஸ் அதை ஏற்காது. வெளியே லாரிகள் வரிசையில் நிற்க, ஆபரேட்டர் என்ன செய்வார்? பழைய ரெக்கார்டின் மேலேயே புதிய தேதியை அடித்துவிடுவார். பழைய வாடகைக் கணக்கு போயே போய்விடும்! போதாக்குறைக்கு, பெட்டியை வேறு நிறுவனத்துக்கு விற்றால் எண்ணும் மாறலாம்.

ஆகவே 'வருகை எண்' என்று ஆட்டோநம்பர் பீல்டு ஒன்றை பிரைமரி கீயாக வைத்தேன். கன்டெய்னர் எண் தனி பீல்டு. அதில் ஒரே எண் பலமுறை வரலாம். உங்கள் வீட்டு முகவரிப் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும். செல்போன் எண்ணை பிரைமரி கீயாக வைக்காதீர்கள். அண்ணனும் தம்பியும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள், நாளை எண்ணையே மாற்றுவார்கள்.

ரெக்கார்டை அழித்தால் ஆட்டோநம்பரில் இடைவெளி விழும். விழட்டும். ஆனால் அதையே பில் நம்பராகப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டு கேட்டுகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள் தனித்தனியே பதிவு செய்தால் இரண்டுமே 1, 2, 3 என்று போடும். பிறகு சேர்க்கும்போது மோதிக்கொள்ளும். அப்போது ஆட்டோநம்பரின் பீல்டு சைஸில் 'ரெப்ளிகேஷன் ஐடி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அது 128 பிட் நீள எண் என்பதால், இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே எண் வர நடைமுறையில் வாய்ப்பே இல்லை.